தழும்புக்குக் காரணம் கேட்ட நாள்

மச்சான்,

போன சனிக்கிழமை என் மகன் குமரனைப் பார்க்க ஒரு பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். காப்புறுதி முகவர். சின்ன வயதுதான். கையில் தாள் இல்லை, பேனா இல்லை. ஒரு கண்ணாடிப் பலகையை மடியில் வைத்து, விரலால் தள்ளித் தள்ளிக் கேள்வி கேட்டாள். ரத்தக்கொதிப்பு உண்டா, இனிப்புநீர் உண்டா, அப்பா அம்மாவுக்கு ஏதாவது உண்டா என்று வரிசையாகக் கேட்டுவந்தவள், தலையை நிமிர்த்தாமலே, "உடம்புல தழும்பு, ஆப்பரேஷன் மார்க் ஏதாச்சும் இருக்கா அண்ணா?" என்றாள். குமரன் சிரித்துக்கொண்டே இல்லை என்றான். பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த எனக்குத்தான் முகம் வியர்த்துவிட்டது. "என்னா அங்கிள், காத்தாடியை வேகமா வைக்கவா?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஒன்றும் வேண்டாம், நீ கேட்க வேண்டியதைக் கேளம்மா என்றேன்.

அவள் போன பிறகு குமரனிடம் ஒரு பேனா கேட்டு வாங்கினேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன்னைப் பற்றி ஊரில் எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். உன்னிடம் பேச வேண்டியது எனக்குத்தான் பாக்கி இருக்கிறது.

நாம் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். நீ ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுக் கோல சிலாங்கூருக்குப் போய் இஸ்திரி போட்ட சட்டைக்காரன் ஆனாய். நான் படிப்புக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுக் குத்தகைக்காரனின் லோரியில் ஏறினேன். செம்பனைக் குலையை எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது வேலை. என் தங்கை சாந்தியை நீ கட்டிக்கொண்டபோது தோட்டமே சிரித்தது. பள்ளிக்கூடத்தில் மண்டையை உடைத்துக்கொண்ட இரண்டு பேரும் இனி ஒரே பந்தியில் சாப்பிடப் போகிறார்கள் என்று.

எண்பதுகளின் நடுவில் நீ காப்புறுதி விற்க ஆரம்பித்தாய். சம்பள நாளன்று ஆபீஸ் வாசலில் துணிக்காரர், பாத்திரக்காரர், வட்டிக்காரர் வரிசையில் நீயும் நிற்பாய். தோட்டத்துச் செம்மண் சாலைக்குள் மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போதே கழுத்திலிருந்த டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிடுவாய். "டை கட்டுனா வட்டிக்காரன்னு நெனச்சு ஓடுறானுங்க. கட்டாம வந்தா சினிமா டிக்கெட் விக்கிறவன்னு நெனச்சு கிட்ட வர்றானுங்க" என்பாய்.

நீ விற்றது யாருக்கும் பிடிக்காத சரக்கு. செத்தால் கிடைக்கிற பணம் என்றால் ஜனங்களுக்குப் புரியும். நீயோ, "செத்தா குடுக்கிறதுக்கு ஆயிரம் பேரு இருக்கான் லா. சாகாம படுத்துக்கிட்டா யாரு குடுப்பா? கை விழுந்து, கால் விழுந்து, வேலைக்குப் போக முடியாம கெடந்தா ஒங்க வீட்டுல யாரு உலை வைப்பா?" என்று கேட்பாய். விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து கை விழும் கால் விழும் என்று பேசுகிறானே என்று பெண்கள் உன்னைக் கரித்துக் கொட்டினார்கள். என் மனைவி மல்லிகாவுக்கும் உன் மேல் பாசம்தான், ஆனால் உன் பையைக் கண்டால் ஆகாது. "அண்ணே, ஒக்காருங்க, சாப்பிடுங்க. அந்தப் பையை மட்டும் இந்த வீட்டுல தெறக்காதீங்க" என்பாள். நீயும் சாப்பிட்டுவிட்டுப் பையைத் திறக்காமலே போவாய். இப்படித்தான் இரண்டு வருடம் ஓடியது.

நீ வாய் ஓயாமல் கேலி செய்கிறவன். கோயிலுக்கு வந்தாலும் வெளியே நின்று, "எல்லாரும் உள்ள போங்க, நான் செருப்புக்குக் காவல்" என்பாய். அப்படிப்பட்ட உன்னை நான் ஒரே ஒரு தடவை கேலி இல்லாமல் பார்த்தேன். சாந்திக்கு மூன்றாவது தடவையும் கரு தங்காமல் போன சமயம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நீ சமையலறையில் சட்டை இல்லாமல் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்து, "வந்தியா, ஒக்காரு" என்றாய். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நீ பேசாமல் கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வாரமே தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் போனேன். தங்கச்சிக்கு ஒரு பிள்ளை தங்க வேண்டும், மூன்று வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கட்டும்போது நம் தோட்டத்தில் எல்லாருக்கும் சொல்வதையே எனக்கும் சொன்னார். எதற்காக வேண்டினாய் என்பதைப் பலிக்கும்வரை வெளியே சொல்லக்கூடாது. பெண்டாட்டியிடமும் கூடாது. யாருக்காக வேண்டினாயோ அவர்களிடம் கூடவே கூடாது. சொன்னால் கைக்கு வந்தது நழுவிவிடும்.

நான் காவடி எடுத்தபோது ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். சொந்த லோரி வாங்கத்தான் என்று மல்லிகா நம்பினாள். நாலு நம்பர் லாட்டரி விழுவதற்காக என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அடித்துச் சொன்னார். நீ பத்து மலை முருகன் கோயில் படியடியில் நின்று, முதுகில் கொக்கி மாட்டி எலுமிச்சம்பழம் தொங்க நான் வருவதைப் பார்த்து, "டேய், பழ மரமே நடந்து வருது" என்று கத்தினாய். எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. உனக்காகத்தானடா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு ஏறினேன்.

அது முடிந்து சில வாரத்தில் ஒரு மழை நாளில் வந்தாய். அந்த மாதம் உனக்கு ஒரு கையெழுத்து குறைந்தது. "நீ ஒருத்தன் போட்டா எனக்கு ஏஜென்சி நெலைக்கும் மச்சான். ஒரு வருஷம் கட்டு, பொறவு நிறுத்திக்க" என்றாய். மல்லிகா குழாயடியில் இருந்தாள். போட்டேன். இன்றைக்கும் ஊரில் என் முன்யோசனையைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. முன்யோசனையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நீ நனைந்துபோய் நின்றாய், அதனால் போட்டேன்.

கம்பெனி சொன்ன டாக்டரிடம் நீயே என்னை அழைத்துப் போனாய். சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகில் கொக்கி மாட்டிய இடங்கள் ஆறி, கறுப்புப் புள்ளிகளாக வரிசை கட்டி நின்றன. "காவடி?" என்று கேட்டார். தலையாட்டினேன். எழுதிக்கொண்டார். மற்றபடி எருமை மாதிரி இருக்கிறாய் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். நாமும் சிரித்துக்கொண்டு வெளியே வந்து சாப்பிடப் போனோம்.

ஆடி மாதம். இரண்டு நாள் காய்ச்சல், பொருட்படுத்தாமல் வேலைக்குப் போனேன். ஆலையில் குலையைக் கொட்டிவிட்டு லோரியிலிருந்து இறங்கினேன். கால் தரையில் பட்டதைக் கண்ணால் பார்த்தேன், ஆனால் பட்டது தெரியவில்லை. அடுத்த காலையும் வைத்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தூக்க வந்தவர்களிடம் "ஒண்ணுமில்ல, மரத்துப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கிள்ளான் ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டு நரம்பில் வீக்கம் என்றார்கள். வீக்கம் வடிந்தது. கால் திரும்பவில்லை.

நீ தினமும் வந்தாய். "ஆறு மாசம் பொறு மச்சான். ஆறு மாசத்துலயும் எழுந்திரிக்கலன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா பணம் வந்துடும். எழுந்திரிச்சுட்டேன்னா பணம் போனாலும் பரவாயில்ல" என்றாய். அந்த ஆறு மாதம் நான் எழுந்துவிடுவேனோ என்று ஒரு பக்கம், எழவில்லை என்றால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம். மல்லிகா மலிவாகக் கிடைத்த மீனைக்கூட யோசித்து வாங்கினாள். வேலையாளுக்கு அடிபட்டால் அரசாங்கம் கொடுக்கிற சொக்சோ பணத்துக்குக் குத்தகைக்காரன் எனக்காகச் சந்தா கட்டவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் இருந்த லயத்து வீடும் லோரி ஓட்டுகிறவனுக்கு என்று தோட்டம் கொடுத்த வீடு. புது ஓட்டுநர் வந்தாயிற்று, அவன் குடும்பத்துக்கு வீடு வேண்டும், பங்குனி முடிவதற்குள் காலி செய்து கொடு என்று குத்தகைக்காரன் ஆள் அனுப்பினான். என் பெண்ணுக்கு அப்போதுதான் பல் விழ ஆரம்பித்திருந்தது. குமரன் இடுப்பில் தூக்குகிற பிள்ளை. அந்தப் பணம் வந்தால் ஒரு கூரை. வராவிட்டால் என் குடும்பம் எந்த மரத்தடியில் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நடுவில் சாந்திக்கு மறுபடி நாள் தள்ளிப் போயிருந்தது. இந்தத் தடவை மூன்றாவது மாதத்தைத் தாண்டியது, நான்காவதைத் தாண்டியது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் நான் வாயை இறுக்கி மூடிக்கொள்வேன். தைப்பூசமும் நெருங்கிவந்தது. மல்லிகா உன்னிடம் போய் அழுதிருக்கிறாள். "மூணு வருஷ வேண்டுதல்ணே. ரெண்டாவது வருஷம் பாக்கி நிக்குது. அவரால முடியாது." நீ ஒரு கேள்வி கேட்கவில்லை. விரதம் இருந்தாய். காப்புக் கட்டிக்கொண்டாய். செருப்புக்குக் காவல் நிற்கிறவன், என் காவடியைத் தூக்கிக்கொண்டு பத்து மலை ஏறினாய். திரும்பி வந்து என் நெற்றியில் திருநீறு பூசி, "ஒன் சாமிக்கு ஆள் பஞ்சம் வந்துருச்சு, அதான் என்னைக் கூப்பிட்டுருக்கு" என்றாய். உன் பிள்ளைக்கு நீயே சுமந்துவிட்டு வந்து நிற்கிறாய், அது உனக்குத் தெரியாது. நான் திருநீறு கண்ணில் விழுந்ததாகச் சொல்லி அழுதேன்.

மாசி கடைசியில் கம்பெனியின் விசாரணை அதிகாரி வந்தார். கோலாலம்பூர்த் தமிழர், நடுத்தர வயது, மரியாதையான மனிதர். செருப்பை வாசலில் விட்டு, கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். நீ டை கட்டிக்கொண்டு வந்திருந்தாய். தோட்டத்துக்குள் நீ டையோடு இருந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். சாந்தி ஏழாம் மாத வயிற்றோடு சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சரியாகத்தான் போனது. காய்ச்சல் எப்போது, ஆஸ்பத்திரி எப்போது, அதற்கு முன் ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு டாக்டரின் தாளைப் புரட்டினார்.

"முதுகுல கொக்கித் தழும்புன்னு போட்டிருக்கு. அதுதான் மொத காவடியா?"

"ஆமா சார்."

"என்ன வேண்டுதல்?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "மறைக்காம பேசுறேன். எங்க வீட்டுலயும் காவடி எடுப்பாங்க. வீட்டுல யாருக்காவது, இல்ல தனக்கு, ஒடம்புக்கு முடியலன்னாத்தான் அநேகமா மொத காவடி. நீங்க காவடி எடுத்த கையோட இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்க. அந்த வருஷமே கால் போயிருச்சு. போட்டுக் குடுத்தது ஒங்க மச்சான். மேல இருக்கிறவங்களுக்கு இந்தத் தழும்பு ஒண்ணுமில்ல. எனக்கு அதோட அர்த்தம் தெரியும். தெரிஞ்சும் கேக்காமப் போனா நான் வேலை செய்யலன்னு அர்த்தம். கால்ல ஏதோ கோளாறு முன்னாடியே இருந்து, அதுக்கு வேண்டிக்கிட்டீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப எதுக்கு?"

"சொல்லக்கூடாது சார்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "இந்த வாரம் நான் எழுதி முடிக்கணும். பதில் சொல்லலன்னு எழுதுனா பணம் அதோட சரி. இவரையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க" என்று உன்னைக் காட்டினார். "ரெண்டு மாசம் கழிச்சு வர முடியுமா சார்?" என்று நான் கேட்டேன். எதற்கு அந்த இரண்டு மாதம் என்று உனக்கு அப்போது தெரியாது. அதிகாரியோ, முடியாது என்றார். "நான் கார்ல இருக்கேன். பேசிட்டுக் கூப்பிடுங்க" என்று எழுந்து போனார்.

மல்லிகா ஓடிவந்து என் காலைப் பிடித்தாள். தொட்டாலும் எனக்குத் தெரியாத காலை. "சொல்லிடுங்களேன். லோரி வாங்கத்தானே? சொன்னா லோரி வராது, அவ்வளவுதானே? புள்ளைங்க மொகத்தப் பாருங்க" என்றாள். நான் அவள் தலையைத் தள்ளிவிட்டேன். நீ அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு என் கட்டில் பக்கத்தில் குந்தினாய். வியர்வையில் உன் டை கழுத்தில் ஒட்டியிருந்தது.

"டேய், எனக்கு மட்டும் சொல்லு. அந்த ஆளுகிட்ட நான் எதையாச்சும் சொல்லிக்கிறேன்."

"ஊருக்கே சொன்னாலும் ஒனக்குச் சொல்ல மாட்டேன்" என்றேன். ஆத்திரத்தில் வந்துவிட்டது.

நீ என்னையே பார்த்தாய். கேலிக்காரன் மண்டை வேகமாக வேலை செய்யும். உன் பார்வை மெல்லத் திரும்பி, சமையலறைப் பக்கம் போய், அங்கே நின்றிருந்த என் தங்கையின் முதுகில் நின்றது.

"எங்களுக்காடா?" என்றாய், காற்று மாதிரி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெளியே அதிகாரி காரின் கதவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நீ என் கையைப் பிடித்தாய். "நீ சொல்ல மாட்டே."

"மாட்டேன்."

"வீடு போயிடும்."

"போவட்டும். இன்னும் ரெண்டு மாசந்தான். அவளுக்குப் பொறந்துடட்டும்."

"ரெண்டு மாசத்துக்கு ஒன் புள்ளைங்கள எங்கடா வைப்பே?" என்றாய். நீ எழுந்தாய். உன்னைத் தடுக்க எனக்குக் கால் இல்லை. கையை நீட்டி உன் சட்டையைப் பிடித்தேன், துணி கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. "வேணாண்டா, வேணாண்டா" என்று நான் சொன்னது வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

அதிகாரியை நீ உள்ளே அழைத்து வந்தாய். அவர் உட்காரும்வரைகூடப் பொறுக்கவில்லை. "சார், இவன் சொல்ல மாட்டான். நான் சொல்றேன். இவன் கேட்டது எனக்கு. என் சம்சாரத்துக்கு மூணு தடவை தங்கல. அது தங்கணும்னு இவன் முதுகுல குத்திக்கிட்டான். இப்ப ஏழாவது மாசம். பலிக்கிறதுக்கு முன்னாடி சொல்லக்கூடாதுன்னு ஒரு கட்டு. அதான் பேசல. இப்பப் பேசினது என் வாய். எதுவா இருந்தாலும் என் தலையோட போவட்டும்."

சமையலறையில் தேநீர் ஆற்றும் சத்தம் நின்றுவிட்டது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். நாம் மூன்று ஆண்களும் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாந்தி வந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தன் பையிலிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். முன்பு போனது மூன்றும் அதில் இருந்தன. உன்னைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. திரும்பிப் போய் ஆறிப்போன தேநீரை மறுபடி ஆற்றத் தொடங்கினாள்.

அதிகாரி கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடமும் கேட்டுக்கொண்டு போனதாகப் பிறகு தெரிந்தது. பூசாரி, இனி மறைத்து என்ன, ஆமாம் என்றாராம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வேன்? கோயிலை மதிக்காத நீ தினமும் விடிந்ததும் கோல சிலாங்கூரில் கோயில் வாசலில் நின்றாய் என்று சாந்தி மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறாள். உள்ளே போக மாட்டாயாம், வாசலிலேயே நிற்பாயாம். எனக்குத் தபால் வந்தால் திக்கென்றது. யாராவது அவசரமாக லயத்தை நோக்கி நடந்து வந்தாலும் திக்கென்றது. பங்குனி முடிந்தது. குத்தகைக்காரனின் ஆள் வந்து, இன்னும் ஒரு வாரம் என்றான்.

சித்திரை பிறந்ததும், மாதம் நிறையும் முன்பே, சாந்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆண் பிள்ளை. சத்தம் போடவே இல்லை.

காசோலையை முகவர்தான் கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பது உங்கள் வழக்கம். அந்த வாரத்திலேயே அது வந்துவிட்டது. தீட்டு என்று நீ வாசற்படியிலேயே நின்றாய், தாடியோடு, செருப்பில்லாமல். மல்லிகா உன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். நீ உறையை என் நெஞ்சின் மேல் வைத்தாய்.

"எனக்கு இது வேணாம். எடுத்துக்கிட்டுப் போ" என்றேன்.

"அன்னிக்குத் தெறக்க வேண்டிய வாயத் தெறக்கல. இன்னிக்கு மூட வேண்டிய நேரத்துல தெறக்குற. ஒனக்கு எப்பவும் நேரம் தெரியாது லா" என்றாய். பழைய கேலிக் குரல்தான், பாதியில் உடைந்தது. "கொடி கழுத்தச் சுத்தியிருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரு. நாம பேசுறது அங்க வரைக்கும் போவாதுடா. கையெழுத்துப் போடு."

போட்டேன். எனக்காகச் சொன்னாயோ, உனக்காகச் சொல்லிக்கொண்டாயோ, எனக்கு இன்றுவரை தெரியாது. நீ சொன்னதை நான் நம்பினேன். பகலில் நம்பினேன்.

அந்தப் பணத்தில்தான் புக்கிட் ரோத்தானில் இந்த வீடு. முன்கட்டில் வைத்த மளிகைக் கடையில் உட்கார்ந்தபடியே பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அடுத்த தைப்பூசத்துக்கு யாரும் சொல்லாமலே நீ மறுபடி காவடி எடுத்தாய். இனி எதற்கு என்று கேட்டேன். "மூணுன்னு வேண்டிக்கிட்டு ரெண்டுல நிறுத்துனா ஒன் மானம் போவும்" என்றாய். சாந்திக்கு அதற்குப் பிறகு தங்கவில்லை.

இத்தனை வருடத்தில் என் தங்கை அந்த நாளைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. தீபாவளிக்கு வருவாள், குமரனுக்குச் சட்டை எடுத்து வருவாள், அவனுக்குச் சோறு போட்டுவிட்டு அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தையே நான் பார்த்திருப்பேன். என் பிள்ளையைப் பார்க்கிறாளா, அவள் பிள்ளையைப் பார்க்கிறாளா என்று எனக்குக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. கேட்கத் துணிச்சலும் வந்ததில்லை. உனக்கும் வந்ததில்லை என்பது கடைசியில்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆக்ஸிஜன் குழாயை ஒதுக்கிவிட்டு என்னைக் கிட்டே வரச் சொன்னாய். "அன்னிக்கு நான் பேசுனதப் பத்தி சாந்தி ஒன்கிட்ட என்னிக்காச்சும் ஏதாச்சும் சொல்லியிருக்காளா மச்சான்?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "இல்ல" என்றேன். நீ தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். மறுநாள் நீ இல்லை.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தோம். கொள்ளி வைப்பது யார் என்று சடங்கு செய்ய வந்தவர் கேட்டார். உன் பங்காளிகள் ஈப்போவிலிருந்து வந்திருந்த உன் அண்ணன் மகனை முன்னால் தள்ளினார்கள். முறை அதுதான். அவனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். உன் தலைமாட்டில் இருந்த சாந்தி அப்போதுதான் எழுந்தாள்.

"குமரன் வைக்கட்டும்" என்றாள்.

"அது முறையில்லம்மா. ஒன் அண்ணன் மகன் குமரன் அவரு வீட்டு ஆளா?" என்று ஒரு பெரியவர் சொன்னார்.

சாந்தி குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு லயத்துல இவரு வாயத் தெறந்தது இந்தப் புள்ள நடுரோட்டுக்கு வந்துடக் கூடாதுன்னு. என் புள்ளய வயித்துல வச்சுக்கிட்டு நானும் உள்ள நின்னு கேட்டேன். அவரு சொல்லலன்னா நானே வெளிய வந்து சொல்லியிருப்பேன். கொள்ளி அவன்தான் வைக்கணும்."

குமரன் சட்டையைக் கழற்றினான். நான் என் நாற்காலியை உன் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து, உன் காதருகே குனிந்து பார்த்தேன். கேட்டிருக்குமா என்று முட்டாள் மாதிரி பார்த்தேன்.

நீ கேட்டதற்கு அன்று இல்லை என்று சொன்னேன், மச்சான். ஒரு நாள் முந்திவிட்டேன். அன்று நீ பேசாவிட்டால் அவளே சொல்லியிருப்பாளாம்.